நீர்பாய்ச்சி நடத்திய பாடம்

நம் கல்லூரியில் எனக்குத் தாவரவியல் சொல்லித் தந்தவர்கள் பலர். ஒரு கண்மாயைப் படிக்கச் சொல்லித் தந்தவரோ கல்லூரி வாசலையே மிதிக்காதவர்.

1988-ல் பேராசிரியர் எங்களை மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கு பஸ்ஸில் கூட்டிப் போனார். கையில் லென்ஸ், செடிகளை அழுத்திவைக்கப் பழைய பேப்பர். கரையில் நின்றிருந்த பெரியவர் அந்த ஊர் நீர்பாய்ச்சி. "செடியைப் பிடுங்குறீங்களே தம்பி, அது எதுக்கு இங்க நிக்குதுன்னு தெரியுமா?" என்றார். முழித்தோம். "கரை மண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அது போச்சுன்னா கரை போச்சு." அவருக்கு லத்தீன் பெயர் ஒன்றும் தெரியாது. எந்த மடையை எப்போது திறக்கணும், எந்தப் பறவை எந்த மாசம் வரும் என்பது அத்துப்படி.

அந்த அறிவு ஒரு நாளில் வந்ததல்ல. வருஷநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடும் வைகை, மழையை நம்பிய ஆறு. அதனால் பாண்டிநாட்டார் ஓடும் தண்ணியைக் கண்மாய்களில் தேக்கினார்கள். ஒன்று நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்தது நிரம்பும். தூர் வாருவதும் கரை கட்டுவதும் ஊர் வேலை. அதுதான் குடிமராமத்து. 1858-ல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டமே போட்டார்கள். 1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்தது. பேரணையிலிருந்து கால்வாய் மேலூர்ச் சீமைக்குப் போனது. 1959-ல் வைகை அணையும் வந்தது. வயல் செழித்தது உண்மை. ஆனால் தண்ணி அணையிலிருந்து வரும் என்று ஆனபின், ஊர்க் கண்மாயைப் பார்க்கும் கண் மங்கிவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

எல்லா ஊரிலும் மங்கவில்லை. அதே மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். 7 குன்றுகள், 200 சுனைகள், 72 ஏரிகள், சுமார் 250 வகைப் பறவைகள். லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் அதில் சேர்த்தி. சமணர் படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் குடைவரைச் சிவன் கோயிலும் அங்கேயே. ஊர்க்காரர்களும் இயற்கை ஆர்வலர்களும் இதையெல்லாம் கண்டு, எண்ணி, வருகிறவர்களுக்கு நடந்து காட்டினார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன.

2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஜனங்கள் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. "வெறும் பாறைதானே" என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்திருந்தது.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே! 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு உண்டு. உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லுங்கள். முதலில் உங்கள் ஊர் நீர்பாய்ச்சியோடு ஒரு காலைப்பொழுது கரையில் நடங்கள். நாங்கள் அன்று அந்தப் பெரியவரின் பெயரைக்கூடக் கேட்காமல் பஸ் ஏறிவிட்டோம். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.