வட்டவிதானையும் ஆரம்பக் கூட்டமும்

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கத்து விவசாயிகள் பலரின் வயல்கள் வீட்டுக்கு அருகில் இல்லை. வாகனேரி போன்ற குளங்களின் கீழ், ஊரைவிட்டுத் தள்ளிக் கிடக்கின்றன. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்கள் வெவ்வேறு ஊர்க்காரர்கள். முஸ்லிம்களும் தமிழர்களும் கலந்தவர்கள். எந்த மதகு ஒழுகுகிறது, யாருடைய வயல் மேடு, யார் எந்த நெல்லை விதைத்திருக்கிறார் என்பது ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியும். மட்டக்களப்பின் பழைய நீர்ப்பாசன ஏற்பாடுகள் இந்தச் சிதறலைச் சமாளிக்க எழுந்தவை.

அவற்றின் நடுவில் இருந்தவர் வட்டவிதானை. வட்டை என்பது ஒரு வயல்வெளி. காணிக்காரரான போடியார் ஊரில் இருப்பார். வயலைப் பார்ப்பவர் முல்லைக்காரன். இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக வட்டையைச் சுற்றி வருபவர் வட்டவிதானை. வரம்பு உடைந்தால் சொல்வதும், வாய்க்கால் வெட்ட ஆள் திரட்டுவதும், தண்ணீருக்கு முறை வைப்பதும் அவர் வேலை. அறுவடை முடிந்ததும் களவெட்டியில் அவருக்கு நெல்லாகக் கூலி கிடைத்தது. விளைச்சல் படுத்தால் அவர் பங்கும் படுக்கும். ஆகவே, தெரிந்ததை மறைத்து வைப்பதில் அவருக்கு லாபம் இல்லை.

ஆங்கில ஆட்சி இந்த வழக்கத்தை முதலில் கவனிக்காமல் விட்டது, பிறகு சட்டமாக்கியது. ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில் வந்த 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம், விவசாயிகள் கூடிப் பழைய வழக்கங்களை மீட்டுக்கொள்ள இடமளித்தது. 1946 இன் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் போகத்துக்கு முந்திய கூட்டத்துக்கு உறுதியான சட்ட வடிவம் கொடுத்தது.

அதுவே இன்றும் நடக்கும் ஆரம்பக் கூட்டம். பெரிய குளமென்றால் மாவட்டச் செயலாளர் தலைமை. நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல அலுவலர், விவசாயப் போதனாசிரியர், வட்டவிதானைமார், விவசாயிகள் என எல்லாரும் உட்காருவார்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்பதைப் பொறியியலாளர் சொல்வார். அதை வைத்துச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று பேரம் தொடங்கும். முதல் தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பின் கடைசி நாள், மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, தண்ணீர் நிறுத்தும் நாள் எல்லாம் வரிசையாக முடிவாகும். அதிகம் சத்தம் எழுவது மாடுகளை வயற்பக்கத்திலிருந்து அகற்றும் திகதியில்தான். பட்டிக்காரருக்கு மேய்ச்சல் தரை வேண்டும். விதைப்பவருக்குக் காவல் வேண்டும்.

பிற்காலத்தில் பெரிய நிறுவனங்களும் இதே சிக்கலுடன் மல்லாடின. ஊழியர்களிடம் சிதறியிருக்கும் தகவலை விலை திரட்டித் தரும் என்ற எண்ணத்தில், 1990களின் பிற்பாதியில் ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனம் பிரிண்டர் விற்பனையை ஊகிக்க, ஊழியர்கள் தங்கள் ஊகத்துக்கேற்பப் பங்குகளை வாங்கி விற்கும் ஓர் உள்சந்தையை நடத்திப் பார்த்தது. நிறுவனத்தின் வழக்கமான கணிப்புகளைவிட அது பெரும்பாலும் துல்லியமாக இருந்தது. அங்கே யார் எதை வாங்கினார் என்பது மறைவு. ஆரம்பக் கூட்டத்தில் அதற்கு நேர்மாறு: மேல்வாய்க்கால்காரர் ஏக்கரைக் கூட்டிச் சொன்னால் பக்கத்து வரம்புக்காரர் அங்கேயே எழுந்து மறுப்பார். பொய்க்கு இதைவிட மலிவான தடை கிடையாது. ஆனால் கூச்ச சுபாவம் உள்ள சிறு விவசாயியின் குரல் அங்கே அமுங்கிப் போவதும் உண்டு.

1958 இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் பழைய விதானைப் பதவியை ஒழித்து, தெரிவுசெய்யப்பட்ட பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. நோக்கம் நல்லது, ஆனால் வட்டையைச் சுற்றி வந்து பழகிய ஆளின் இடத்தைக் குழு நிரப்பவில்லை. மட்டக்களப்பில் பெயர் மட்டும் நிலைத்தது. விவசாயிகள் தங்கள் பிரதிநிதியை இன்றும் வட்டவிதானை என்றே அழைக்கிறார்கள்.

தெற்கே, 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்த கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் இன்னொரு முயற்சி நடந்தது. கமத்தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் பட்டதாரிகளை வாய்க்கால் ஓரக் கிராமங்களில் குடியிருக்க அனுப்பின. ஒரே வயல்வாய்க்காலைப் பகிரும் பத்து இருபது விவசாயிகள் முதலில் கூடிப் பேசினார்கள். குழுவும் பதவியும் பிறகுதான் வந்தன. 1981 இல் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் மிகக் குறைவாக இருந்த சிறுபோகத்தில், மேல்பகுதி விவசாயிகள் சிக்கனம் செய்து கடைவாய்க்கால்காரருக்கும் தண்ணீர் போகவிட்டார்கள். மேல்பகுதியில் பெரும்பாலும் சிங்களவர். கடைப்பகுதியில் தமிழரும் இருந்தனர்.

போர்க்காலத்தில் ஓட்டமாவடி விவசாயிகள் பலர் தங்கள் வயலுக்கே போக முடியாமல் இருந்தார்கள். போர் முடிந்த பின் கைவிட்ட காணிகளுக்குத் திரும்பியவர்களுக்கு, 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவான கமக்காரர் அமைப்புகள் வழியாகவே ஆரம்பக் கூட்டத்தில் இடம் கிடைக்கிறது.