புள்ளியிடும் அளவுகோல்களின் வரலாறு

கற்பித்தல் மிகத் தொன்மையான தொழில்; ஆயின் கற்றோரின் அறிவை எண்ணால் அளந்து ஏட்டிற் பதியும் வழக்கம் மிக அண்மையது. இக்காலத்தில் இலத்திரனியற் புள்ளியேட்டைத் திறக்கும் ஆசிரியர் முதற்கண் ஓர் அளவுகோலைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். நூற்றுக்கு இத்தனை என்பதா, ஏ, பீ, சீ என்னும் எழுத்துகளா, நான்கு படிகளா என அது வினவும். எதனைத் தெரிந்தாலும் ஒன்றே என எண்ணுவோர் பலர். இவ்வளவுகோல்கள் தோன்றிய வரலாற்றை நோக்கியோர் அங்ஙனம் எண்ணார்.

அமெரிக்காவின் யேல் கல்லூரித் தலைவர் எஸ்றா ஸ்ரைல்ஸ் 1785ஆம் ஆண்டில் இறுதி வகுப்பு மாணவர் 58 பேரைப் பரீட்சித்து, அதன் பெறுபேற்றைத் தம் நாட்குறிப்பில் இலத்தீன் சொற்களாற் குறித்துவைத்தார். மிகச் சிறந்தோர் 20 பேர். இரண்டாம் நிலைச் சிறந்தோர் 16 பேர். தாழ்ந்தோராயினும் நல்லோர் 12 பேர். கடையர் 10 பேர். அவர் கண்ட வேறுபாடுகள் நான்கே. அவற்றினும் நுண்ணிய வேறுபாட்டைத் தாம் கண்டதாக அவர் கூறிற்றிலர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வடக்கம் நீங்கிற்று. ஹாவாட்டில் 1830இல் இருபது புள்ளி அளவும், 1837இல் நூறு புள்ளி அளவும் வழங்கின. மசச்சூசெற்ஸ் மாநிலத்து மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரி 1897இல் எண்ணையும் எழுத்தையும் பிணைத்தது. 95 முதல் ஏ. 85 முதல் 94 வரை பீ. 76 முதல் 84 வரை சீ. சரியாக 75 பெற்றவள் டீ என்னும் எழுத்துடன் மயிரிழையிற் சித்தியடைந்தாள். அதனிற் குறைந்தவள் தவறினாள். மறு ஆண்டே எல்லைகள் மாற்றப்பட்டன. முன்னர்ப் பீ எனப்பட்ட 88 புள்ளி அப்போது சீ ஆயிற்று. மாணவியின் அறிவு குறைந்ததன்று, கோடு நகர்ந்தது. இலங்கையின் க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையிலோ, அக்கல்லூரி தோல்வியின் விளிம்பாகக் கொண்ட அதே 75, ஏ என்னும் உச்சத் தரத்தின் வாயிலாக உள்ளது. எண் ஒன்று, பொருள் இரண்டு.

கோடு எங்கிருப்பினும் புள்ளியாவது உறுதியானதா என்னும் வினா அடுத்து எழுந்தது. டானியல் ஸ்ராச், எட்வேட் எலியட் என்னும் இருவர் 1912இல் ஆங்கில விடைத்தாள்களின் படிகளைப் பல பாடசாலைகளின் ஆசிரியர்க்கு அனுப்பிப் புள்ளியிடச் செய்தனர். புள்ளிகள் பெரிதும் வேறுபட்டன. மொழிப்பாடத்தில் அஃது இயல்பே என்று கூறியோர்க்கு விடையாக, அடுத்த ஆண்டில் ஒரு கேத்திரகணித விடைத்தாளை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்க்கு அனுப்பினர். ஒருவர் 30க்குக் குறைவாகவும் மற்றொருவர் 90க்கு மேலாகவும் அதற்குப் புள்ளியிட்டனர்! நிறுவலின் வழுவை மாத்திரம் நோக்கினார் சிலர். எழுத்தின் துப்புரவையும் நோக்கினார் வேறு சிலர்.

இங்கிலாந்தில் சேர் பிலிப் ஹாட்டொக், றோட்ஸ் ஆகியோர் 1935இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனினும் கடுமையானது. உத்தியோகப் பரீட்சகரால் ஒரே நடுத்தரப் புள்ளி வழங்கப்பெற்ற வரலாற்று விடைத்தாள்கள் 15 தெரியப்பட்டன. பரீட்சகர் 14 பேர் அவற்றைத் திருத்தினர். ஓராண்டுக்கு மேல் இடைவெளிவிட்டு அவர்களே மீண்டும் திருத்தினர். தவறினார், சித்தியடைந்தார், திறமைச் சித்தி பெற்றார் என அவர் கூறிய தீர்ப்புகள் 210. அவற்றுள் 92 இரண்டாம் முறை மாறின. பிறரோடன்று, தம்மோடே அவர் முரண்பட்டனர். இலங்கை மாணவரும் இலண்டன் மெற்றிக்குலேசன் முதலிய பரீட்சைகளுக்குத் தோற்றி, உத்தியோகமும் மேற்படிப்பும் அவற்றின் முடிவையே நம்பியிருந்த காலம் அது. ஒரு பரீட்சகரின் ஒரு நாளைய தீர்ப்பு ஒரு குடும்பத்தின் எதிர்காலமாய் நின்றது.

நூறு படிகளை நுண்ணிதின் வேறுபடுத்தும் ஆற்றல் மனிதக் கண்ணுக்கு இல்லை என்பது இவற்றாற் புலனாகும். படிகளைக் குறைத்தால் இடர் ஒழியுமோவெனின், முற்றாக ஒழியாது. எல்லைக்கு அண்மையில் நிற்கும் மாணவனுக்கு ஒரு புள்ளியின் தவறு ஒரு படியின் இழப்பாகும். ஆயினும் இல்லாத நுண்மையை இருப்பதாகக் காட்டாமை குறைந்த படிகளின் சிறப்பு. கணினியோ தசமதானம் வரை கணித்து, ஐயத்துக்குரிய எண்ணையும் ஐயமற்றதுபோற் காட்டுகின்றது.

பூச்சியத்தின் செய்தி தனித்து நோக்கத்தக்கது. அமெரிக்கப் பாடசாலைகள் பலவற்றில் 90, 80, 70, 60 என்பன எழுத்துத் தரங்களின் எல்லைகள். ஏனைய தரங்கள் ஏறத்தாழப் பத்துப் பத்துப் புள்ளி அகலமுடையன. தோல்வி ஒன்றே அறுபது புள்ளி அகலமுடையது. டக்ளஸ் றீவ்ஸ் 2004இல் இக்குறையை எடுத்துக்காட்டினார். ஒன்பது ஒப்படைகளில் 80 வீதம் பெற்று, ஒன்றை ஒப்படையாது பூச்சியம் பெற்ற மாணவனின் சராசரி 72, அது சீ. அதே மாணவனை நான்கு படி அளவிற் கணித்தால், ஒன்பது மூன்றுகளும் ஒரு பூச்சியமும் சேர்ந்து சராசரி 2.7 ஆகும், மூன்றாகிய பீ தரத்துக்கே அஃது அண்மையது. உழைப்பும் ஒன்று, தவறும் ஒன்று. வேறுபாட்டை விளைத்தது, தவணைத் தொடக்கத்தில், மாணவரின் விடை ஒன்றையேனும் காணாத முன்னர், ஆசிரியர் தெரிந்த அளவுகோல்.