வீட்டில் விளைந்த வீராங்கனைகள்

படைத்தலைவர் என்றதும் முறுக்கு மீசையும் குதிரையும்தான் நம் பிள்ளைகளின் மனக்கண்ணில் தோன்றும். ஆனால் 1943-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பெண். அவர்தான் டாக்டர் லட்சுமி.

1914-இல் சென்னையில் பிறந்த இவருக்குத் தந்தை சுவாமிநாதன் பேர்பெற்ற வக்கீல். தாயார் அம்மு காங்கிரசில் உழைத்தவர். பின்னாளில் இந்திய அரசியல் நிர்ணய சபையிலும் அமர்ந்தவர். சிறுமி லட்சுமி மலபாரில் பாட்டி வீட்டில் இருந்தபோது, நிழல்கூடப் படக்கூடாது என்று ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு மலைவாசிப் பெண்ணின் கையைப் பிடித்து விளையாடக் கூட்டிப் போனாள். பாட்டிக்கு வந்ததே கோபம்! பெரியவர்கள் சொன்னாலும் தப்பு தப்புதான் என்கிற பிடிவாதம் அன்றே இருந்தது. சாதி, மதம் பாராமல் எல்லோரும் ஒன்றாக உண்டு உறங்கிய ஒரு படையை நடத்த இதைவிட நல்ல பயிற்சி ஏது?

அடுத்தவர் கோலாலம்பூர் ஜானகி தேவர். வசதியான குடும்பம். நேதாஜியின் பேச்சைக் கேட்ட இடத்திலேயே காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். படையில் சேரத் தந்தை முதலில் ஒப்பவில்லை. மகள் விடாமல் வாதாடிச் சம்மதம் வாங்கினார். அப்பாவிடம் வாதாடலாம் என்ற அளவுக்கு அந்த வீட்டில் பெண்ணுக்கு இடம் இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பதினெட்டு வயசுப் பெண், பிறகு படையின் துணைத் தளபதி! நமக்குப் பக்கத்து ஈப்போவில் 1927-இல் பிறந்த ராசம்மாவும் தம் அக்காளோடு சேர்ந்தே படைக்குப் போனார்.

ஆனால் அந்தப் படையில் பெருந்தொகையாக இருந்தவர்கள் நம் தோட்டத்துப் பெண்கள்தாம். விடியுமுன் பெரட்டுக்கு ஓடுகிற தாயைப் பார்த்து வளர்ந்தவர்கள். தம்பி தங்கையை இடுப்பில் சுமந்து, பால்வாளி தூக்கிப் பழகியவர்கள். கஷ்டம் தாங்கும் பயிற்சி அவர்களுக்கு லயத்திலேயே கிடைத்துவிட்டது. கிடைக்காதது எழுத்துதான். அதிகாரிகளானவர்களில் படித்த பெண்களே மிகுதி. ஏட்டைத் தொட விட்டிருந்தால் நம் லயங்களிலிருந்தும் எத்தனை கேப்டன்கள் வந்திருப்பார்களோ!

1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, ஜானகியும் அவருடைய பெண்களும் குண்டுவீச்சுக்கு அஞ்சி இரவு இரவாக நடந்தார்கள். நேதாஜியும் கூடவே நடந்தார். அந்த வரிசையில் போன தோட்டத்துப் பெண்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.