எரித்த கவிதைகள்

எழுதியதை நெருப்பில் போட்டவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபந்தான் வரும். என் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பத்திரிகைகளிலிருந்து திரும்பி வந்த கதைகள், பாதியில் நின்றுபோன நாவல்கள், இருபது வயதில் எழுதிய அசட்டுக் கவிதைகள் எல்லாம் அதில் உறங்குகின்றன. வருஷா வருஷம் போகிப் பண்டிகையன்று, "இந்தக் குப்பைக்கு இந்தத் தடவையாவது விடுதலை உண்டா?" என்று என் மனைவி கேட்பாள். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பேன். இருபது வருஷமாக அதே கேள்வி, அதே பதில்.

அப்படிப்பட்ட நான் ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது வேடிக்கைதான். கல்லூரியில் நான் படித்தது இண்டர்மீடியட் வரையில்தான். அப்போது எங்கள் பாடப் புத்தகத்தில் அவருடைய கவிதை ஒன்று இருந்தது. ஆசிரியர், "இது பரீட்சைக்கு வராது" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிட்டார். பரீட்சைக்கு வராதது என்பதனாலேயே அன்றிரவு அதைப் படித்தேன். ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சொற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஓடிய அந்த ஓசை மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

ஹாப்கின்ஸ் பிறந்தது 1844-இல். தகப்பனாருக்குக் கப்பல் இன்ஷ்யூரன்ஸ் சம்பந்தமான தொழில். கடலில் நேர்ந்த நஷ்டத்தைக் கணக்கிட்டு, யார் யார் எவ்வளவு ஏற்பது என்று பங்கிட்டுக் கொடுப்பார். ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த மகன், 1866-இல், இங்கிலாந்துத் திருச்சபையை விட்டுக் கத்தோலிக்கராகிவிட்டான். அந்தக் காலத்து ஆங்கிலக் குடும்பத்துக்கு அது மகனை இழந்தது போலத்தான். பெற்றோர் எழுதிய கடிதங்களில் கண்ணீர் இருந்தது. மகன் எழுதிய பதில்களில் இருந்த உறுதியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, சேசு சபையில் சேருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1868 மே 11-ஆம் தேதி, தாம் எழுதியிருந்த கவிதைகளை எரித்தார். ஏரோது அரசன் பச்சைக் குழந்தைகளைக் கொன்ற கதையை நினைவூட்டும் ஒரு சிறு குறிப்பைத் தவிர நாட்குறிப்பில் வேறு விளக்கம் இல்லை. நண்பர்களிடம் பிரதிகள் இருந்ததால் சில தப்பிப் பிழைத்தன. தம் மேலதிகாரிகள் விரும்பினாலொழிய இனிக் கவிதை எழுதுவதில்லை என்றும் முடிவு செய்துகொண்டார்.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். எரிக்கச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவிடவில்லை. அப்போது அவர் சபையில் சேரக்கூட இல்லை. கேட்காத தியாகத்தைத் தானாகக் கொடுப்பது கீழ்ப்படிதல் ஆகுமா? அதில் இருபத்துமூன்று வயதுப் பிள்ளையின் வீம்பும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். உண்மையான கீழ்ப்படிதல் அவருக்குப் பின்னால்தான் வந்தது. அதில் நெருப்பும் இல்லை, ஜுவாலையும் இல்லை.

ஏழு ஆண்டுகள் பேனா உறங்கியது. 1875 டிசம்பரில், ஜெர்மனியிலிருந்து நியூயார்க் சென்ற 'டாய்ச்லாண்ட்' என்ற கப்பல், தேம்ஸ் நதி கடலில் கலக்குமிடத்துக்கு அப்பால் மணல்திட்டில் மோதிற்று. இறந்தவர்களில் ஐந்து பேர் கன்னியாஸ்திரீகள். ஜெர்மனியில் கத்தோலிக்கருக்கு விரோதமாக வந்த சட்டங்களால் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர்கள். வேல்ஸ் நாட்டுக் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த ஹாப்கின்ஸ், பத்திரிகையில் செய்தியைப் படித்துக் கலங்கிப் போனார். அதை மடத்தின் தலைவரிடம் சொன்னபோது, யாராவது இதைப் பற்றி ஒரு கவிதை எழுதினால் நன்றாயிருக்கும் என்று அவர் போகிறபோக்கில் சொன்னார். 'யாராவது' என்றுதான் சொன்னார். ஹாப்கின்ஸுக்கு அது போதும். அணை உடைந்தது. முப்பத்தைந்து பாடல்கள்! தகப்பனார் கப்பல் சேதத்துக்குக் கணக்கு எழுதினார். மகன் காவியம் எழுதினான்.

எழுதியதைத் தம் சபையார் நடத்திய மாதப் பத்திரிகைக்கே அனுப்பினார். ஆசிரியர் அவருடைய நண்பர். முதலில் போடுகிறேன் என்றார். பிறகு அடுத்த இதழில் என்றார். கடைசியில் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொரு கப்பல் மூழ்கியபோது எழுதிய கவிதைக்கும் அதே கதிதான். உயிர் நண்பரும் கவிஞருமான ராபர்ட் பிரிட்ஜஸ்கூட, அந்த முதற் கவிதையைப் பணம் கொடுத்தாலும் மறுபடி படிக்கமாட்டேன் என்றார். கதை திரும்பி வந்தால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாதவன் நான். இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? 1879-இல், பள்ளியில் சிலகாலம் அவருக்கு ஆசிரியராயிருந்த டிக்ஸன் என்ற பாதிரியார், அவருடைய கவிதையொன்றைத் தம் ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்ப முயன்றபோது, வேண்டவே வேண்டாம் என்று தடுத்தார். சபையின் அனுமதியில்லாமல் அச்சேறக்கூடாது என்பது அவர் கட்சி. அனுமதியை நச்சரித்துக் கேட்டு வாங்கவும் அவர் முயலவில்லை.

குருப்பட்டம் பெற்றபின் சபை அவரை ஊர் ஊராக அனுப்பியது. லிவர்பூலின் புகைமண்டிய ஏழைத் தெருக்களில் அவர் மனம் ஒடுங்கிப் போயிற்று. 1884-இல் டப்ளினில் கிரேக்கப் பேராசிரியர் வேலை. பேராசிரியர் என்றால் மதிப்பான உத்தியோகம் என்று நினைக்கிறோம். பெரும்பகுதி வேலை விடைத்தாள் திருத்துவதுதான். நூற்றுக்கணக்கில் வந்து குவியும். ஒரு மாணவனுக்கும் அநியாயம் நேர்ந்துவிடக்கூடாதே என்று அரை மார்க்குக்கும் கால் மார்க்குக்கும் இரவெல்லாம் தவிப்பார். தலையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு திருத்துவார் என்றும் சொல்வதுண்டு. அந்த நாட்களில் எழுதிய சில பதினான்கடிப் பாக்களில், கடவுளிடம் இவ்வளவு மனம் உடைந்து வழக்காடியிருக்கிறாரே என்று படிப்பவர் நெஞ்சு பதைக்கும். அவற்றை யாருக்கும் காட்டவில்லை. வழக்காடியவர் மறுநாள் காலை எழுந்து அடுத்த கட்டு விடைத்தாளைப் பிரித்தார்.

1888-இல் அவருக்கு உண்மையிலேயே ஓர் உத்தரவு வந்தது. அவ்வருஷம் புனிதர் பட்டம் பெற்ற அல்போன்ஸ் ரொட்ரீகஸ் என்ற சகோதரரைப் பற்றி ஒரு கவிதை வேண்டும் என்றார்கள். இந்த ரொட்ரீகஸ் பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்தில் கம்பளி வியாபாரம் செய்தவர். மனைவி போனாள், பிள்ளைகளும் போயினர். நாற்பதை எட்டும் வயதில் சேசு சபைக்கு வந்தார். படிப்புப் போதாது, குருவாக முடியாது. மயோர்க்காத் தீவில் இருந்த கல்லூரியில் வாசற்கதவைத் திறக்கும் வேலையைக் கொடுத்தார்கள். நாற்பது வருஷத்துக்குமேல் அந்தத் தீவிலேயே இருந்தார். அதில் மிகுந்த காலம் கதவைத் திறந்து மூடினார். மணி அடிக்கும்போதெல்லாம், வந்திருப்பவர் ஆண்டவரே என்று எண்ணி ஓடுவாராம். அந்த வாசலைக் கடந்து உள்ளே போன பீட்டர் கிளேவர் என்ற மாணவனை, கடல் கடந்து போய் ஊழியம் செய் என்று தூண்டியவரும் அவரே. அந்த மாணவன்தான் பிறகு தென் அமெரிக்காவின் கார்த்தஹேனா துறைமுகத்தில், கப்பலில் வந்திறங்கிய கறுப்பு அடிமைகளுக்குப் பல ஆண்டுகள் பணிவிடை செய்தவன்.

ஹாப்கின்ஸ் கவிதை எழுதிக் கொடுத்தார். போர்க்களத்தில் பட்ட காயம் ஊருக்குத் தெரியும், உள்ளுக்குள் நடக்கும் போர் யாருக்குத் தெரியும் என்பது அதன் கருத்து. வாயிற்காவலரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அவர் யாரைப் பற்றி எழுதினார் என்பது எனக்குத் தெரிந்தேயிருக்கிறது.

மறு ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி, டைபாய்டு ஜுரத்தில் காலமானார். வயது நாற்பத்துநான்கு, ஏறக்குறைய என் வயது. டப்ளினில் சேசு சபையாரின் பொது இடுகாட்டில் மற்றவர்களோடு மற்றவராகப் புதைத்தார்கள்.

கவிதைகள் பிரிட்ஜஸிடம் இருந்தன. அவர் கட்டிக் காத்து, தாம் அரசவைக் கவிஞராகியும் அவசரப்படாமல், 1918-இல்தான் புத்தகமாக வெளியிட்டார். 750 பிரதிகள், விற்றுத் தீரப் பத்து வருஷம் ஆயிற்று. அதற்குப் பின் வந்த கவிஞர்கள் அந்தப் புத்தகத்தை எப்படிக் கொண்டாடினார்கள் என்பது வேறு கதை. பிரிட்ஜஸ் அதைக் காணிக்கையாக்கியது கவிஞரின் தாயாருக்கு. மகன் மதம் மாறியபோது மனம் உடைந்த அதே தாய்தான். அப்போது உயிரோடிருந்தாள். வயது தொண்ணூற்றேழு முடிந்து, தொண்ணூற்றெட்டு நடந்துகொண்டிருந்தது.