கதைக்குள் வராத டிஸ்பென்சரி

வைத்தியரைக் கதாபாத்திரமாக்குவது எழுத்தாளருக்கு வசதியான ஒன்று. பிறப்பும் இறப்பும் அவர் முன்னிலையில்தான் நிகழ்கின்றன. பணக்காரன் வீட்டுக்குள்ளும் ஏழையின் குடிசைக்குள்ளும் அவரால் நுழைய முடிகிறது. வங்கத்தின் தாராசங்கர் பந்த்யோபாத்யாய 'ஆரோக்கிய நிகேதன'த்தில் நாடி பிடித்து மரணத்தை அறியும் கிராமத்து வைத்தியரைப் படைத்தார். த.நா. குமாரஸ்வாமியின் தமிழாக்கத்தில் நம்மவர் பலரும் அதனைப் படித்திருப்பர். மலையகத்திலும் நூற்றைம்பது ஆண்டுக் காலமாகத் தோட்ட வைத்தியம் என்ற ஒன்று இருந்து வருகிறது. அது நமது புனைகதைக்குள் ஏன் முழுதாக நுழையவில்லை என்பதே என் கேள்வி. இதற்கு விடை தேடப் புகுந்தால் இலக்கியத்துக்கு முன்னர் சரித்திரத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்தே மலையேறியவர்களுக்கு வழியில் வாந்திபேதியும் வயிற்றுளைச்சலும் அம்மையும் காத்திருந்தன. 1840களில் மாண்டவர்கள் 70,000 பேர் என்று 1849இல் கொழும்புப் பத்திரிகையொன்று மதிப்பிட்டது. இந்தத் தொகையை ஏற்போரும் மறுப்போரும் வரலாற்றாசிரியர்களிடையே உண்டு. தொகை எதுவாயினும், இறந்தவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

1872இல்தான் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டக்காரரிடம் அறவிடப்பட்ட வரியைக் கொண்டு மாவட்ட வைத்தியசாலைகள் எழுந்தன. வைத்திய அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். நோயாளரைப் பற்றி அறிவிக்கும் பொறுப்பு துரைமார் மீது வைக்கப்பட்டது. பின்னர் 1912இல் மேலும் சட்டங்கள் வந்தன. ஏட்டளவில் இது பெரிய முன்னேற்றமே. நடைமுறையிலோ, வேலைக்கு ஆகாதவனை, இனிப் பிழைக்கமாட்டான் என்று தெரிந்த பிறகே ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வழக்கம் வேரூன்றியது. சாகும் தறுவாயில் போனவர்கள் அங்கேயே செத்தார்கள். இதனால் ஆஸ்பத்திரியின் மரண வீதம் உயர்ந்தது. அதைக் கண்டு பயந்தவர்கள் நோயை மறைத்து லயத்திலேயே கிடந்தார்கள். கிடந்து முற்றியபின் தூக்கிச் செல்லப்பட்டார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போனா திரும்ப மாட்டான்" என்று நம் பாட்டிமார் சொன்னதைப் பட்டிக்காட்டு அறியாமை என்று படித்தவர்கள் சிரித்தார்கள். அது கண்ணால் கண்டதிலிருந்து பிறந்த முடிவு.

தோட்டத்தில் ஆங்கில வைத்தியத்தின் முகமாக இருந்தவர் டிஸ்பென்சர் ஐயா. காலையில் பிரட்டுக் களத்துக்கு வராதவனைத் தேடிக் கங்காணி லயத்துக்குப் போவார். அவன் சுகவீனன்தானா, சோம்பேறியா என்று தீர்ப்புச் சொல்பவர் டிஸ்பென்சர். அவர் தலையசைத்தால் அன்று ஓய்வு. இல்லையேல் மலைக்குப் போக வேண்டும், அல்லது பேரை இழக்க வேண்டும். மருந்துப் போத்தலோடு இந்த அதிகாரமும் அவர் கையில் இருந்தது. துரைக்குக் கட்டுப்பட்டவர், தொழிலாளியை அதட்டக் கூடியவர், நள்ளிரவில் பிரசவத்துக்கு லாந்தர் பிடித்து ஓடி வரக் கூடியவரும் அவரே. இப்படி மூன்று முகம் கொண்ட மனிதர் ஒரு நாவலாசிரியனுக்குக் கிடைத்தற்கரிய பாத்திரமல்லவா? நான் வாசித்த மலையகக் கதைகளில் அவர் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் வந்து, ஒரு மிக்ஸரைக் கொடுத்துவிட்டு, அடுத்த பக்கத்தில் மறைந்து போகிறார்.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' (1935) இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை நேரில் காணாமலே எழுதப்பட்ட கதை அது. மருதியின் உடலைப் பற்றும் நோயையும் தோட்டத்து அதிகாரத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை அவர் தூரத்திலிருந்தே கண்டுகொண்டார். நோயைத் தலைவிதியாக எழுதிப் பழகியிருந்த காலத்தில் இது சாதாரண விடயமல்ல.

நோயாளியின் பக்கத்தையும் வைத்தியரின் பக்கத்தையும் ஒருங்கே சொன்ன நாவல் கடலுக்கு அப்பால் பிறந்தது. பி.எச். டேனியல் 1940களில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். தொழிலாளரிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' 1969இல் வெளிவந்தது. இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தது 2007இல். பாலாவின் 'பரதேசி' (2013) படத்துக்கும் இதுவே அடிப்படை. 1920களில் கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி மலையேறுகிறார்கள். மலேரியாவில் மனிதர்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். மலேரியாவைக் கொசு பரப்புவதை ரொனால்ட் ரொஸ் 1897இலேயே கண்டறிந்துவிட்டார், கொயினாவும் கையில் இருந்தது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொண்டு இந்நாவலைப் படிக்க வேண்டும். ஆபிரகாம் என்ற படித்த டாக்டர் தோட்டத்துக்கு வந்து சேரும் போதுதான், அதுவரை மருத்துவம் என்ற பெயரில் நடந்தது எது என்று நமக்குத் தெரிகிறது.

ஆபிரகாமைப் படிக்கையில் ஏ.ஜே. குரோனினின் 'சிற்றடல்' (1937) மனதில் ஓடியது. குரோனினும் மருத்துவர், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வேலை பார்த்தவர். அவருடைய கதாநாயகன் மான்சன், நெருப்புக் காய்ச்சலைப் பரப்பும் பழைய கழிவுநீர்க் கால்வாயை நண்பனோடு சேர்ந்து வெடி வைத்தே தகர்த்து விடுகிறான். பிரித்தானியாவில் 1948இல் தேசிய சுகாதார சேவை அமைவதற்கு மக்கள் மனதைப் பண்படுத்தியவற்றுள் அந்நாவலும் ஒன்று என்பர். நம் லயங்களில் தகர்ப்பதற்குக் கால்வாய் கூட இருக்கவில்லை. தேயிலைச் செடியின் மறைவுதான் மலசலகூடம். வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதத்தைத் துளைத்து ஏறிய கொக்கிப்புழு இரத்தத்தைக் குடித்தது. 1910களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இங்கு வந்து பேதி மருந்து கொடுத்தார்கள். கக்கூசு கட்டாமல் மருந்து மட்டும் கொடுத்தால் புழு திரும்பவும் ஏறும் என்பதையும் அவர்கள் சொல்ல வேண்டியிருந்தது. வெளுத்த முகமும் மூச்சு வாங்கலுமாக மலையேறிய பெண்ணைச் 'சோம்பேறி' என்று செக்ரோலில் குறித்தவர்கள் அந்தப் புழுவை அறிந்திருந்தார்களா?

நம் நாட்டிலும் வைத்தியராக இருந்து எழுதியவர் உண்டு. 'ஞானம்' ஆசிரியர் தி. ஞானசேகரன் தோட்ட வைத்தியராகப் பணிபுரிந்தவர். அவரது 'குருதிமலை' (1979) பேசுவது மருந்தையல்ல, தோட்டக் காணி பறிபோவதையும் அதனை எதிர்த்த தொழிலாளரையும். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. வாக்குரிமையும் குடியுரிமையும் காணியும் பறிபோன சமூகத்தில் எழுத்தாளனின் கவனம் அங்கே போனது நியாயமே. எங்கள் வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளையும் தம் நாவலுக்கு 'வீடற்றவன்' என்றே பெயரிட்டார். வீடில்லாதவனின் வியாதியைப் பற்றி எழுத முதலில் அவனுக்கு வீடு வேண்டும் போலும்.

ஆனால் அந்தத் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளின் நிருவாகத்துக்குப் போயின. 1990களிலிருந்து சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றது. பழைய டிஸ்பென்சரிகள் சில பூட்டிக் கிடக்கின்றன. அந்தக் காலத்து டிஸ்பென்சர்களும் மருத்துவிச்சிகளும் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நிருவாக அறிக்கைகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். அவற்றில் நோயின் பெயரும் எண்ணிக்கையும் கிடைக்கும். நோயாளியின் குரல் கிடைக்காது.

சிறுவர் இலக்கியத்தில் நிலைமை இன்னும் மோசம். ஹியூ லொப்டிங் முதலாம் உலகப் போரின் போர்க்களத்திலிருந்து தம் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களில் பிறந்தவர் மிருகங்களோடு பேசும் டாக்டர் டூலிட்டில். 1920இல் புத்தகமான அவரை உலகப் பிள்ளைகள் இன்றும் விரும்புகிறார்கள். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளிடம் 'ஆஸ்பத்திரி' பற்றிக் கதை எழுதச் சொன்னால் சினிமாவில் பார்த்த கண்ணாடிக் கதவும் வெள்ளைக் கோட்டும்தான் வருகின்றன. சென்ற தவணையில் ஏழாம் தர மாணவி ஒருத்தி மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தாள். பாட்டி சொன்ன கதையாம். மழை இரவில் பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பளியில் சுற்றிக் கொழுந்து லொறியில் ஏற்றுகிறார்கள். டிஸ்பென்சர் சாக்குகளின் மேல் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார். லொறி வளைவில் திரும்புவதோடு கதை நின்று விட்டது. மிச்சத்தைப் பாட்டி சொல்லவில்லை என்றாள்.

டிஸ்பென்சர் என்று எழுதலாமா, மருந்தாளர் என்று மாற்ற வேண்டுமா என்று கொப்பியை நீட்டிக் கேட்டாள். பாட்டி எப்படிச் சொன்னாரோ அப்படியே இருக்கட்டும் என்றேன்.