மலைமுதியவர் மறைத்தது யாது?

சென்ற தீபாவளியன்று, எம் பள்ளியில் பயின்று இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவத்திலிருக்கும் மாணவன் ஒருவன் வீட்டிற்கு வந்திருந்தான். முறுக்கைக் கடித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தவன், "சார், நீங்கதானே எங்களுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுத்தீங்க. இந்த ஆளு நெசமாவே இருந்தவரா?" என்றான். திரையில் நரைத்த தாடியும் கருநிற அங்கியுமாக ஒரு முதியவர் நின்றார்.

யுபிசாஃப்ட் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அசாசின்ஸ் கிரீட்' என்னும் கணினி விளையாட்டு அது. காலம் கி.பி. 1191, மூன்றாம் சிலுவைப்போர் நடக்கும் சிரியாவும் பாலஸ்தீனமும் களம். மஸ்யாபு என்னும் மலைக்கோட்டையின் தலைவர் அம்முதியவர். அல்தாயிர் என்னும் தம் சீடனை ஏவி ஒன்பது பேரைக் கொல்விக்கிறார். உலகின் அமைதிக்காக எனச் சொல்லி அனுப்புகிறார். முடிவில்தான் உண்மை வெளிப்படுகிறது. மாந்தர் மனத்தை அடிமையாக்கும் விந்தைப் பொருளொன்றைத் தாம் ஒருவரே ஆளவேண்டித் தம் கூட்டாளிகளையே ஒழித்திருக்கிறார் அவர். அகப்பட்டபின்னும், போரை நிறுத்த வேறு வழியில்லை என்றே வாதிடுகிறார். "சமாதானத்துக்குத்தான் செஞ்சேன்னு சொல்றாரே சார், அவர் கெட்டவரா?" என்று மாணவன் கேட்டான்.

அன்று நான் கூறிய விடை அரைகுறையானது. அதனை நிறைவு செய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டில் அம்முதியவர் 'அல் முஅல்லிம்' எனப்படுகிறார். அரபு மொழியில் 'ஆசிரியர்' என்பது இதன் பொருள். நம் நாட்டு மலாய்மொழியிலும் சமயம் கற்பிப்பவரை முவாலிம் என்பர். கடலில் வழிகாட்டிச் செல்வோனுக்கும் அச்சொல் ஆகி, நம் தமிழில் மாலுமி என்று வழங்குவதும் அதன் வழி வந்ததே. ஆசிரியத் தொழிலில் தலைநரைத்த எனக்கு, ஒரு கொலைத் தலைவனுக்கு இப்பெயர் சூட்டியது சற்றே உறுத்தியது. ஆயின் இதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. இப்பாத்திரத்திற்கு மூலமாகிய ரஷீதுத்தீன் சினான் பள்ளியாசிரியராக இருந்தவர் எனக் கூறும் பழங்குறிப்புகள் உண்டு.

சினான் ஈராக்கின் பஸ்ரா நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். உடன்பிறந்தாரோடு பிணங்கி, வழிச்செலவிற்கும் பொருளின்றிப் பாரசீகத்து அலமூத்துக் கோட்டையை அடைந்தார். அது நிசாரி இஸ்மாயிலியர் எனப்படும் ஷியாப் பிரிவினரின் தலைமையிடம். அங்கிருந்த தலைவர் தம் மக்களோடு இவரையும் ஒரே பள்ளியில் அமர்த்திக் கற்பித்தார். 1162ஆம் ஆண்டையொட்டிச் சிரியாவிலுள்ள தம் இனத்தாரை வழிநடத்த அனுப்பப்பட்டார். அங்கே மஸ்யாபு, கத்மூஸ், கஹ்பு முதலிய கோட்டைகள் அவர் வசமாயின. கோட்டைகள் பத்து என்றும், மக்கள் அறுபதினாயிரவர் என்றும் அக்காலக் கிறித்தவ வரலாற்றாசிரியர் டயர் நகரத்து வில்லியம் எழுதுகிறார்.

இவர்களைச் சூழ்ந்திருந்தவர் யாவர்? கிழக்கில் அலெப்போவையும் டமாஸ்கஸையும் ஆண்ட சுன்னி மன்னர்கள் இவர்களைச் சமயப் பகைவராகக் கருதினர். மேற்கில் சிலுவைப்போர் வீரர்களின் அரசுகள் இருந்தன. டெம்ப்ளர் என்னும் வீரத்துறவியருக்கு ஆண்டுதோறும் இரண்டாயிரம் பொற்காசு திறை செலுத்தி வந்தனர் இம்மலைமக்கள். அத்திறையை நீக்கிக்கொள்ளச் சினான் 1173இல் ஜெருசலேம் மன்னர் அமல்ரிக்கிடம் தூதர் ஒருவரை விடுத்தார். மன்னர் இசைந்தார். திரும்பும் வழியில் அத்தூதரை டெம்ப்ளர் வீரன் ஒருவன் வெட்டிக் கொன்றான். திறைப்பணம் நின்றுபோவதை அவர்கள் விரும்பவில்லை.

கத்தியேந்திய பெருந்தலைவர் என்று உலகம் அஞ்சிய இம்மனிதர், தம் தூதனின் உயிரைக்கூடக் காக்க இயலாத நிலையில் இருந்தார் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனிச் சலாஹுத்தீன் ஐயூபியோடு நேர்ந்த பகையைப் பார்ப்போம். 1174ஆம் ஆண்டின் இறுதியில் அவர் அலெப்போவை முற்றுகையிட்டிருந்தபோது, சினானின் ஆட்கள் பாசறைக்குள் புகுந்தனர். அவர்களை அறிந்துகொண்ட தலைவர் ஒருவர் கொல்லப்பட்டார், சுல்தான் தப்பினார். 1176 மே 22ஆம் நாள் அசாஸ் என்னுமிடத்தில், சுல்தானின் படைவீரராகவே வேடமிட்டு மீண்டும் பாய்ந்தனர். கவசம் உயிர்காத்தது. அலெப்போவை ஆண்ட குமுஷ்திகீன் பொருளும் நிலமும் கொடுத்து ஏவினான் என்பர் ஒரு சாரார். வேறொரு செய்தியும் உண்டு. இஸ்மாயிலியரின் ஊர்களை ஈராக்கிலிருந்து வந்த குதிரைப்படையொன்று சூறையாடியது. அந்தக் குழப்பத்தில் சலாஹுத்தீனின் படையும் அவர்தம் பகுதிக்குள் புகுந்து கொள்ளையிட்டது. கூலிக்கா, பழிக்கா என்று கேட்டால் பின்னதன் பக்கமே என் மனம் சாய்கிறது. கூலி வந்திருந்தால் வேண்டாமென்றும் சொல்லியிரார்.

அவ்வாண்டே சலாஹுத்தீன் மஸ்யாபை முற்றுகையிட்டு, ஒரு வார அளவில் கைவிட்டுத் திரும்பினார். காரணம் பலவாறு கூறப்படும். அலெப்போவின் வரலாற்றாசிரியர் இப்னுல் அதீம் சொல்லும் கதை சுவையானது. சினானின் தூதன் சுல்தானிடம் தனித்துப் பேசவேண்டுமென்றான். அவையோர் அனைவரையும் வெளியேற்றிய சுல்தான், இரு மெய்காவலரை மட்டும் நிறுத்திக்கொண்டார். "இவர்கள் என் பிள்ளைகள் போன்றவர்" என்றார். தூதன் அவ்விருவரை நோக்கி, "என் தலைவர் பெயரால் இவரைக் கொல்லுங்கள் என்றால் கொல்வீர்களா?" என வினவினான். இருவரும் வாளை உருவி, "கட்டளையிடுங்கள்" என்றனர்!

இது நடந்ததோ இல்லையோ, நாடெங்கும் பேசப்பட்டது. சினானுக்கு வேண்டியதும் அதுவே. ஆயிரம் குதிரைவீரர்க்குச் சோறிட இயலாத மலைநாட்டுத் தலைவனுக்கு அச்சத்தைவிட மலிவான அரண் வேறு ஏது? அதன்பின் சலாஹுத்தீன் மீது அவர் ஆட்கள் பாயவில்லை. சலாஹுத்தீனும் மஸ்யாபை நாடவில்லை.

விளையாட்டின் முதியவர் மறைத்தது பேராசையை. வரலாற்றுச் சினான் மறைத்தது தம் பலவீனத்தை என்பதே என் துணிபு. இதற்குச் சான்றாக நிற்பது கான்ராடின் கொலை.

மோன்பெராத்துக் கான்ராட் ஜெருசலேமின் மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றுச் சில நாட்களே ஆகியிருந்தன. 1192 ஏப்ரல் 28ஆம் நாள் டயர் நகரில், ஆயர் ஒருவர் இல்லத்திலிருந்து திரும்பும் வழியில், துறவிக்கோலம் பூண்டு நெடுநாள் பழகியிருந்த இருவர் அவரைக் குத்திக் கொன்றனர். ஏவியவர் யார்? சித்திரவதைக்குள்ளான கொலையாளி இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டின் பெயரைச் சொன்னானாம். சினானுக்குரிய வணிகக் கப்பலைக் கான்ராட் கைப்பற்றியதற்குப் பழி என்பர் கிறித்தவருள் சிலர். வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் வேறு சொல்கிறார். ரிச்சர்டு, கான்ராட் இருவரையும் கொல்லச் சலாஹுத்தீனே பொருள் தந்தாராம். ரிச்சர்டு மாண்டால் சலாஹுத்தீனின் கை ஓய்ந்து தம்மீது திரும்பும் என அஞ்சி, சினான் கான்ராடை மட்டும் கொல்வித்தாராம். இவ்வாசிரியர் சலாஹுத்தீனிடம் பற்றில்லாதவர். ஆதலின் பணம் கைமாறியதென்னும் பகுதியை நான் நம்பவில்லை. ஆனால் சினானின் கணக்கு இன்னதென அவர் ஊகித்தது பொருந்துகிறது. இரு யானைகளும் சண்டையிட்டுக்கொண்டிருக்கும் வரையில்தான் இடையிலுள்ள முயலுக்கு வாழ்வு. அதே ஆண்டு செப்டம்பரில் ரிச்சர்டும் சலாஹுத்தீனும் உடன்படிக்கை செய்தபோது, இஸ்மாயிலியர் நிலமும் அதில் சேர்க்கப்பட்டது. சேர்க்கச் சொன்னவர் சலாஹுத்தீன்.

இதனால் கொலை அறமாகிவிடாது. கான்ராடின் மனைவி இசபெல்லா அப்போது கருவுற்றிருந்தாள். எட்டே நாளில் வேறொருவருக்கு மணமுடிக்கப்பட்டாள். சிறுபான்மையோர் பிழைக்க வேண்டிச் செய்தது என்று நான் எழுதும்போது, அப்பெண்ணின் முகம் இடையில் வந்து நிற்கிறது. ரிச்சர்டும் தப்பவில்லை. ஊர் திரும்பும் வழியில் ஆஸ்திரியக் கோமகனால் சிறைப்பட்டபோது இக்கொலைப்பழியும் அவர்மேல் சுமத்தப்பட்டது. அதை நீக்க மலைமுதியவரே எழுதியதாக ஒரு கடிதம் உலவியது. அது பொய்க்கடிதம். வாய்திறவாத மனிதரின் பெயரால் பிறர் எழுதிக்கொண்டனர்.

பின்வந்தோரும் அவ்வாறே எழுதினர். போதையூட்டி, பொய்ச் சுவர்க்கத் தோட்டத்தைக் காட்டி இளைஞரைக் கொலைக்கு அனுப்பினார் மலைமுதியவர் என்னும் கதையைப் பரப்பியவர் மார்க்கோ போலோ. அவர் பிறந்தது 1254இல். மங்கோலியர் அலமூத்தைத் தகர்த்தது 1256இல். 'ஹஷீஷி' என்பது பகைவர் இட்ட இழிபெயர். போதை உண்டமைக்குச் சான்றன்று. அக்கதையை வைத்து ஸ்லோவேனிய எழுத்தாளர் விளாதிமிர் பார்த்தோல் 1938இல் 'அலமூத்' என்னும் நாவலை எழுதினார். ஐரோப்பாவில் சர்வாதிகாரிகள் ஓங்கியிருந்த காலம் அது. அந்நாவலிலிருந்தே இவ்விளையாட்டு ஊக்கம் பெற்றது. ஆகவே திரையில் தோன்றும் முதியவரின் 'மறைந்த நோக்கம்' பன்னிரண்டாம் நூற்றாண்டினதன்று. இருபதாம் நூற்றாண்டின் அச்சமே அது.

சினானைத் தம்மவராகக் கொண்டு எழுதப்பட்ட நூல் ஒன்று எஞ்சியுள்ளது. 1324ஆம் ஆண்டைச் சேர்ந்த அது முற்றும் அற்புதச் செயல்களின் தொகுப்பு. அலமூத்தின் நூலகமோ மங்கோலியர் காலத்தில் எரியுண்டது. சிரியக் கோட்டைகள் 1273க்குள் மம்லூக்குச் சுல்தான் பைபர்ஸ் வசமாயின.

இவற்றையெல்லாம் மாணவனுக்குச் சொல்லி, மஸ்யாபுக் கோட்டையின் நிழற்படத்தைக் காட்டினேன். ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை அதைச் சீர்செய்திருக்கிறது. அவ்வூரில் இஸ்மாயிலியர் இன்றும் வாழ்கின்றனர். விளையாட்டில் அது வானளாவிய மலைமுகட்டில் நிற்கும். உண்மையில் ஊரை ஒட்டிய தாழ்ந்த பாறைமேட்டின்மேல் உள்ளது. அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இவ்வளவு சின்னதா சார்?" என்றான்.