தப்பிக்க வழியே இல்லாத ரயில்: ஜப்பானின் '63 சீரிஸ்' சொல்லும் பாடம் என்ன?

ஜப்பானில் லோக்கல் ரயிலில் ஏறினால், கதவுக்குப் பக்கத்தில் அவசர நேரத்தில் கதவைக் கையால் திறப்பது எப்படி என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். இந்த அறிவிப்பு வந்ததற்குப் பின்னால் 106 உயிர்கள் இருக்கின்றன.

அது என்ன 63 சீரிஸ்?

1944, போர்க்காலம். இரும்பு இல்லை, கண்ணாடி இல்லை. ஆனா வேலைக்குப் போகிற கூட்டம் மட்டும் குறையவில்லை. குறைந்த பொருளில் நிறைய பேரை ஏற்றணும், அவ்வளவுதான் கணக்கு. 20 மீட்டர் நீளப் பெட்டி, பக்கத்துக்கு 4 கதவுகள். பெரிய கண்ணாடி கிடைக்காததால் ஜன்னலை மூன்று துண்டாகப் பிரித்தார்கள். நடுத்துண்டு திறக்கவே திறக்காது. மேலும் கீழும் திறந்தால் கிடைப்பது சுமார் 29 சென்டிமீட்டர் இடைவெளி. காற்று வரும், ஆள் வெளியே போக முடியாது.

சகுராகிச்சோவில் என்ன நடந்தது?

1951 ஏப்ரல் 24, மதியம். யோகோஹாமாவின் சகுராகிச்சோ நிலையம் அருகே மின்கம்பிப் பராமரிப்பு வேலையில் தவறு நடந்து, கம்பி தொங்கிவிட்டது. உள்ளே வந்த ரயிலின் பேன்டோகிராஃப் அதில் சிக்க, தீப்பொறி பறந்து மரக் கூரை பற்றிக்கொண்டது. மின்சாரமும் உடனே நிற்கவில்லை.

கதவுகளைக் கையால் திறக்க ஒரு வால்வு இருந்தது. ஆனா அது இருப்பதே பயணிகளுக்குத் தெரியாது. எந்தக் குறிப்பும் எழுதி வைக்கவில்லை. முதல் பெட்டி முழுசாக எரிந்தது.

பிறகு என்ன மாறியது?

ஜன்னல்கள் மாற்றப்பட்டன. பெட்டிக்குப் பெட்டி நடந்து போக வழி வந்தது. வால்வு இருக்கும் இடத்தில் அறிவிப்பு வைத்தார்கள். திருத்திய பெட்டிகளுக்கு 73 சீரிஸ் என்று பெயரும் மாறியது. 20 மீட்டர், 4 கதவு என்ற அளவு மட்டும் நிலைத்தது. 1957-ல் வந்த 101 சீரிஸும் அதே அளவுதான்.

ஆனா 1962 மே 3-ல், டோக்கியோவின் மிகவாஷிமாவில் ரயில்கள் மோதியபோது, பயணிகள் அதே வால்வைத் திருப்பி தண்டவாளத்தில் இறங்கினார்கள். எதிரே வந்த இன்னொரு ரயில் அவர்கள் மீது மோதியது. மொத்தம் 160 பேர் பலி. அதனால்தான் வழியைக் காட்டும் அறிவிப்போடு, அவசியம் இல்லாமல் இறங்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே இருக்கிறது. சிக்னலைத் தாண்டும் ரயிலைத் தானாக நிறுத்தும் கருவியைப் பொருத்தும் வேலையும் இந்த விபத்துக்குப் பிறகுதான் வேகமெடுத்தது.

பழைய 63 சீரிஸ் பெட்டி ஒன்று நகோயா ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அந்த மூன்று துண்டு ஜன்னல்களோடு.